பூட்டனைத் தேடும் கூட்டம்

செக் நாட்டின் தெற்கே செஸ்கி க்ரும்லோவ் என்றொரு ஊர். அங்குள்ள கோட்டையின் அகழியில் முதலை கிடையாது, கரடி உண்டு. சுற்றுலாப் பயணிகள் பாலத்தின் மேல் நின்று எட்டிப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்தக் கரடிகள் ஒரு பொய் வம்சாவளியின் மிச்சம் என்பது பலருக்குத் தெரியாது. இந்தக் கோட்டைக்கு உரிமையாளர்களாக இருந்த ரோஷ்ம்பெர்க் குடும்பம் பொஹீமியாவில் அரசருக்கு அடுத்த செல்வாக்கு உடையது. அது போதாதென்று, ரோமாபுரியின் பழம்பெரும் ஓர்சீனிக் குடும்பத்தின் கிளைதான் தாங்கள் என்றும் சொல்லிக்கொண்டது. 15ஆம் நூற்றாண்டில் இந்தக் கதைக்கு உரம் போட்டவர் இரண்டாம் ஓல்ட்ரிக் பிரபு. பொய் ஆவணம் தயாரிப்பதில் அவர் கைதேர்ந்தவர் என்று வரலாற்றாசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். ஓர்சீனி என்ற பெயருக்குள் கரடியைக் குறிக்கும் சொல் இருந்ததால் அகழிக்குக் கரடிகள் வந்தன என்பது ஊரார் சொல்லும் விளக்கம். 1611இல் ரோஷ்ம்பெர்க் வம்சம் வாரிசின்றி அற்றுப்போனது. அவர்கள் இட்டுக்கட்டிய உறவு மட்டும் இன்னும் நான்கு காலில் நடமாடுகிறது.

இன்று செக், ஸ்லோவாக் மூதாதையரைத் தேடுகிறவர்கள் பிரபுக்கள் அல்லர். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து முதல் உலகப் போர் வரை பிழைப்புத் தேடிக் கப்பலேறிய குடியானவர், நெசவாளர், தையற்காரர், சுரங்கத் தொழிலாளி ஆகியோரின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள். மொராவியாவிலிருந்து போனவர்கள் டெக்சாஸின் ஃபயெட் மாவட்டத்தில் பருத்தி விதைத்தார்கள். பொஹீமியர்கள் நெப்ராஸ்காவிலும் அயோவாவிலும் நிலம் வாங்கினார்கள். சிகாகோவில் ஒரு பேட்டைக்கே தங்கள் நாட்டு நகரமான பில்செனின் பெயரை வைத்தார்கள். ஸ்லோவாக்கியர்களில் பெரும்பாலோர் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் பிட்ஸ்பர்க் உருக்காலைகளுக்கும் போனார்கள். பிள்ளைகள் வீட்டில் தாய்மொழி பேசினார்கள், பேரர்களுக்குச் சாப்பாட்டுப் பெயர்கள் மட்டும் தெரிந்தன, கொள்ளுப்பேரர்களுக்குக் குடும்பப் பெயர் ஒன்றே எஞ்சியது. அதையும் சரியாக உச்சரிக்கத் தெரியாது.

இந்தக் கொள்ளுப்பேரர்கள் தனியாகத் தேடுவதில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1988இல் தொடங்கப்பட்ட செக்கோஸ்லோவாக் வம்சாவளிச் சங்கம் இதழ் நடத்துகிறது, மாநாடு கூட்டுகிறது. டெக்சாஸ் செக்குகளுக்குத் தனிச் சங்கம் உண்டு. பிராகாவில் 1969 முதலே ஒரு வம்சாவளி, குலச்சின்னச் சங்கம் இயங்கிவருகிறது. இவற்றைச் சுற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நூலகர்கள், பொறியாளர்கள், இல்லத்தரசிகள் என்று ஒரு பெருங்கூட்டம். ஒருவர் கையில் கிடைத்த பதிவேட்டுப் பக்கத்தை இன்னொருவர் படித்துச் சொல்கிறார். மூன்றாமவர் ஊரை அடையாளம் காட்டுகிறார். கூலி கிடையாது. நன்றி சொல்லாமல் மறைந்துபோகிறவர்களும் உண்டு.

இந்தப் பழக்கத்தை எடைபோட்டுப் பார்த்தால் ஒரு முரண் தட்டுப்படும். பழைய தாளைப் படிக்கும்போது இந்தக் கூட்டம் அபாரமானது. படித்ததை வைத்துக் குடும்ப மரம் வரையத் தொடங்கியதும் அதே கூட்டம் சறுக்குகிறது. கூடிப் படிப்பதால் பிழை குறைகிறது, கூடி முடிவு செய்வதால் பிழை பெருகுகிறது.

முதலில் படிப்பைப் பார்க்கலாம். கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1563இல் நிறைவடைந்தபோது, ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பங்குக் குருக்கள் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று விதித்திருந்தது. 1614இல் வந்த ரோமைச் சடங்கு நூல் இறப்பையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் 1618இல் தொடங்கிய முப்பதாண்டுப் போர் பொஹீமியாவைச் சூறையாடியதில் பல பங்குகளின் பழைய ஏடுகள் பிழைக்கவில்லை. பெரும்பாலான ஊர்களில் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்னால் தடம் மங்கிவிடும். தெளிவு வருவது இரண்டாம் ஜோசப் பேரரசர் காலத்தில். 1784இல் அவர் பிறப்பித்த ஆணை, பங்குப் பதிவேட்டை அரசாங்க ஆவணமாக்கியது. ஊருக்கு ஒரு தனிப் புத்தகம், வீட்டு எண், மதம், முறையான பிறப்பா இல்லையா, பெற்றோர், ஞானப் பெற்றோர் என்று கட்டம் கட்டமாக எழுதும் முறை வந்தது. வீட்டு எண்ணே அதற்குச் சற்று முன்னால், 1770-71இல், அவருடைய தாய் மரியா தெரேசா ஆட்சியில் படைக்கு ஆள் எடுப்பதற்காகப் போடப்பட்டதுதான். சிப்பாய் பிடிக்க வரைந்த எண் இன்று பாட்டன் பிறந்த வீட்டைக் காட்டிக்கொடுக்கிறது.

கட்டம் இருந்தால் போதுமா, எழுத்தைப் படிக்க வேண்டாமா? ஒரே ஊரின் ஏடு லத்தீனில் தொடங்கி, ஜெர்மனுக்கு மாறி, செக்கில் முடியும். ஸ்லோவாக்கியா அப்போது ஹங்கேரி அரசின் பகுதி. அங்கே லத்தீனுக்குப் பிறகு 1840களில் ஹங்கேரி மொழி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜெர்மன் ஏடுகள் குர்ரெண்ட் என்ற பழைய கூட்டெழுத்தில் இருக்கும். அதில் மூன்று நான்கு எழுத்துகள் ஒரே மாதிரி மேலும் கீழும் நெளிந்து ஓடும். இன்றைய ஜெர்மானியர்களிலேயே பலருக்கு அது பிடிபடாது. பெயர்களும் நிலையாக இல்லை. ஞானஸ்நான ஏட்டில் அடால்பெர்ட் என்று லத்தீனில் இருக்கும் பிள்ளை வீட்டில் வொய்ட்யெக். வாட்ஸ்லாவ் என்ற செக்காரர் ஜெர்மன் ஏட்டில் வென்ஸல் ஆகிறார், அமெரிக்காவில் இறங்கியதும் பெரும்பாலும் ஜேம்ஸ் ஆகிவிடுகிறார். ஸ்லோவாக் ஷ்டெஃபான், ஹங்கேரி ஏட்டில் இஷ்ட்வான். மூன்று பெயரும் மூன்று ஆட்கள் என்று நினைத்தவர் மூன்று மரம் வரைந்து தவிப்பார்.

இங்கேதான் கூட்டத்தின் பலம் தெரிகிறது. லத்தீன் படித்த ஒருவர் இறப்புக்கான காரணத்தைச் சொல்கிறார். அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்த செக்காரர், ஊர்ப் பெயரின் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்ததும் மீதியைச் சொல்லிவிடுகிறார். ஒரே குருவானவரின் கையெழுத்தை வருடக்கணக்காகப் படித்துப் பழகிய வேறொருவர், ‘அவர் இந்த எழுத்தை இப்படித்தான் வளைப்பார்’ என்று திருத்துகிறார். ஆளுக்கொரு துண்டு அறிவு. எந்தப் பல்கலைக்கழகத் துறையும் இத்தனை துண்டுகளைச் சம்பளம் கொடுத்துச் சேர்க்க முடியாது. குர்ரெண்ட் எழுத்தைக் கணினியே படிக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. ஆனால் குருவானவர் தூக்கக் கலக்கத்தில் எழுதிய ஊர்ப்பெயரில் அவையும் திணறத்தான் செய்கின்றன.

ஊர் விவகாரம் தனிச் சிக்கல். ‘லோத்தா’ என்ற பெயரில் செக் நாட்டில் நூற்றுக்கணக்கான ஊர்கள் உண்டு. ‘நோவா வெஸ்’, அதாவது புத்தூர், அதற்கும் குறைவில்லை. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் பிறந்த இடம் ‘ஆஸ்திரியா’ அல்லது ‘ஹங்கேரி’ என்று மட்டும் இருக்கும். ஸ்லோவாக்கிய ஊர்களின் பெயர்கள் ஆட்சி மாறும்போதெல்லாம் மாறின. 1898இல் ஹங்கேரி ஒரு சட்டம் போட்டு ஊர்ப் பெயர்களை ஹங்கேரிமயமாக்கியது. அரை நூற்றாண்டு கழித்து ஆட்டம் எதிர்ப்பக்கம் திரும்பியது. டான்யூப் கரையிலுள்ள பார்க்கான் 1948இல் ஸ்லோவாக் மொழி அறிஞர் லுதொவித் ஷ்டூரின் பெயரால் ஷ்டூரோவோ ஆனது. தொர்னால்யா என்ற ஊர் ஷஃபாரிக்கோவோ ஆகி, 1990க்குப் பிறகு மறுபடி தொர்னால்யா ஆனது. பாட்டியின் பழைய கடிதத்தில் உள்ள ஊரை இன்றைய வரைபடத்தில் தேடுகிறவர் திகைத்து நிற்பதில் வியப்பில்லை.

ஓவியர் ஆண்டி வார்ஹோலின் குடும்பம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெற்றோர் இருவருக்கும் பூர்வீகம் வடகிழக்கு ஸ்லோவாக்கியாவின் மிகோவா. தகப்பனார் முதல் உலகப் போருக்கு முன்பே அமெரிக்கா போனார். அப்போது மிகோவா ஹங்கேரியில் இருந்தது. தாயார் ஊரிலேயே தங்கி 1921இல் புறப்பட்டபோது அதே மிகோவா செக்கோஸ்லோவாக்கியாவில் இருந்தது. வீட்டில் பேசியது ஹங்கேரி மொழியும் அல்ல, ஸ்லோவாக்கும் அல்ல, ருசின் மொழி. மகன் 1928இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தான். இவர்களை எந்த நாட்டுக் கிளையில் எழுதுவது? கட்டம் போட்ட மென்பொருள் ஒரே ஒரு நாட்டின் பெயரைத்தான் கேட்கிறது.

குடும்பப் பெயரும் கை கொடுப்பதில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பொஹீமியக் கிராமங்களில் பெயர் ஆளுக்குச் சொந்தமாக இல்லை, பண்ணை வீட்டுக்குச் சொந்தமாக இருந்தது. வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவன் மாமனார் வீட்டின் பெயரை ஏற்றுக்கொண்டான். விதவையை மணந்து அவள் நிலத்தில் உழுதவனும் செத்துப்போன முதல் கணவனின் பெயரால் அழைக்கப்பட்டான். அண்ணன் ஒரு பெயரிலும் தம்பி வேறொரு பெயரிலும் ஏட்டில் இருப்பார்கள். இதை அறியாதவர் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால், ரத்த உறவே இல்லாத ஒரு வீட்டின் முந்தைய குடியிருப்பாளர்களை எல்லாம் தாத்தா என்று கும்பிட வேண்டியதுதான். அனுபவசாலிகள் ஞானப் பெற்றோரையும் வீட்டு எண்ணையும் நிலப் பத்திரப் புத்தகத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள். அந்தப் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

பொறுமை தீர்கிற இடத்தில்தான் நகலெடுப்பு ஆரம்பிக்கிறது. இணையத்தில் யாரோ ஒருவர் வரைந்து வைத்த மரம் கிடைக்கிறது. பெயர் பொருந்துகிறது, ஊர் பொருந்துகிறது, ஆண்டும் ஏறக்குறையப் பொருந்துகிறது. ஒரு சொடுக்கில் 1650 வரை எட்டுத் தலைமுறை சேர்ந்துவிடுகிறது. அவரிடமிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து மற்றொருவர். இப்படி நாற்பது மரங்களில் ஒரே செய்தி வந்துவிட்டால், நாற்பத்தொன்றாமவருக்கு அது நாற்பது சாட்சி போலத் தெரிகிறது. உண்மையில் சாட்சி ஒன்றுதான், அதுவும் பொய்ச்சாட்சியாக இருக்கலாம்.

அடிக்கடி நேரும் பிழை ஒன்றைச் சொன்னாலே விளங்கும். அந்தக் காலத்தில் பச்சிளம் பிள்ளைகள் நிறையச் செத்தன. இறந்த குழந்தையின் பெயரையே அடுத்துப் பிறந்த குழந்தைக்கும் வைப்பது வழக்கம். ஒரே பெற்றோருக்கு 1801இல் ஒரு யான், 1804இல் ஒரு யான் என்று ஞானஸ்நான ஏட்டில் இருக்கும். முதல் யான் ஆறு மாதத்தில் போய்விட்டான் என்பது இறப்பு ஏட்டில் இருக்கும். அந்த ஏட்டைப் புரட்டாதவர் முதல் யானையே பிடித்து, அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்து, ஏழு பிள்ளைகளையும் கொடுத்துவிடுகிறார். இணைய மரங்களில் இப்படித் தொட்டிலில் செத்த தாத்தாக்கள் ஏராளம்.

பிழையைவிட வலுவானது ஆசை. ரோஷ்ம்பெர்க் பிரபுவுக்கு ஓர்சீனி வேண்டியிருந்தது. டெக்சாஸ் குடியானவரின் கொள்ளுப்பேத்திக்கு ஒரு தியாகி வேண்டியிருக்கிறது. 1620இல் வெள்ளைமலைப் போரில் தோற்ற புராட்டஸ்டன்டுகள் நாட்டைவிட்டு ஓடினார்கள், மீதிப்பேர் கத்தோலிக்கராக்கப்பட்டார்கள். ‘எங்கள் குடும்பம் மறைவாக விசுவாசம் காத்த குடும்பம்’ என்ற கதை பல வீடுகளில் உண்டு. சில கதைகள் உண்மை. ஆனால் மறைவாக இருந்தவர்கள் கத்தோலிக்க ஏட்டில் மறைவாகத்தான் இருப்பார்கள். பொஹீமியாவில் 1651இல் அரசாங்கம் எடுத்த மதவாரிக் குடிமக்கள் பட்டியல் ஒன்று உண்டு. அதில் யார் கத்தோலிக்கர், யார் அல்லர், யாரை மாற்ற நம்பிக்கை இருக்கிறது என்றுகூடக் குறித்திருக்கிறார்கள். கதை வைத்திருப்பவர்கள் அதையாவது பார்க்கலாம்.

மொராவியாவிலிருந்து அப்படி ஓடிய சிலர் 1722இல் சாக்சனியில் ஹெர்ன்ஹுட் என்ற குடியிருப்பை அமைத்தார்கள். அங்கிருந்து கிளம்பிய மொராவியச் சகோதரர் சபையார் உலகெங்கும் போனார்கள்; 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறினார்கள். அந்தச் சபையில் உறுப்பினர்கள் தங்கள் வாழ்க்கை வரலாற்றைத் தாங்களே எழுதிவைப்பது வழக்கமாக இருந்தது. எந்தப் பங்குப் பதிவேடும் தராத செல்வம் அது. பிறந்த ஊர் ஏட்டில் பெயர் நின்றுபோன ஒருவர் இந்தத் தன்வரலாறுகளில் பேசத் தொடங்கிவிடுவார்.

ஆசைக்கு உச்சமான எடுத்துக்காட்டு செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் குடியரசுத் தலைவர் தோமாஷ் மசாரிக். 1850 மார்ச் 7இல் ஹோடோனினில் பிறந்தவர். தந்தை ஸ்லோவாக்கியர், பேரரசின் பண்ணைகளில் வண்டியோட்டி. தாய் மொராவியாவைச் சேர்ந்தவர், சமையற்காரி. பெற்றோர் மணந்தது முந்தைய ஆண்டு ஆகஸ்டில். ஏழு மாதம்கூட ஆகவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, அவர் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப்பின் மகன் என்றே ஒரு கதை கிளம்பிவிட்டது. ஆவணச் சான்று எதுவும் இல்லை. அக்காலத்து மொராவியக் கிராமத்துக் கல்யாண ஏட்டையும் பிறப்பு ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு, மணமான சில மாதங்களில் முதல் பிள்ளை பிறப்பது எவ்வளவு சாதாரணம் என்று தெரியும். ஒரே ஒரு பதிவை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அதிசயம் போலத் தெரிவது, பக்கம் முழுவதையும் படித்தால் ஊர் வழக்கமாக இருக்கும். குடியேறிகள் அமெரிக்காவில் வந்திறங்கிய எலிஸ் தீவின் கதையும் இதே ரகம். அங்கிருந்த அதிகாரி தாத்தாவின் பெயரைச் சிதைத்துவிட்டார் என்று அமெரிக்க வீடுகளில் சொல்வார்கள். எலிஸ் தீவில் இருந்தவர்கள் பெயரை எழுதவில்லை. கப்பல் நிறுவனம் ஐரோப்பியத் துறைமுகத்தில் தயாரித்துக் கொடுத்த பட்டியலைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயரை மாற்றிக்கொண்டது பெரும்பாலும் தாத்தாவேதான், சம்பளப் புத்தகத்தில் எழுதுகிறவருக்கு வசதியாக.

கப்பல் பட்டியல் விஷயத்தில் கூட்டு உழைப்பின் பெருமையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஹாம்பர்க் துறைமுகத்தின் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை தப்பிப் பிழைத்தன. செக், ஸ்லோவாக் மக்கள் மிகுதியாகப் பயன்படுத்திய பிரேமனின் பட்டியல்களில் பெரும்பகுதி போய்விட்டது. இடம் போதவில்லை என்று அலுவலகமே பழையவற்றை அழித்தது. ஆகவே இறங்கிய துறைமுகங்களின் பட்டியல்களைத்தான் நம்ப வேண்டும். கால்வெஸ்டன் போன்ற துறைமுகங்களில் இறங்கிய செக் பெயர்களை லியோ பாக்கா என்ற டெக்சாஸ்காரர் பொறுக்கியெடுத்துத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். தேடுகிற பலருக்கு முதல் படி இன்றும் அதுதான்.

ஏடு யாருக்காக எழுதப்பட்டது என்ற கேள்வியை இந்தக் கூட்டம் அதிகம் கேட்பதில்லை. வரி, படை, மதம் மூன்றுக்கும் ஆள் கணக்கு வேண்டும் என்றுதான் எழுதினார்கள். அரசாங்கம் விரும்பாத மக்கள் அதே ஏட்டில் கோணலாகத் தெரிவார்கள். பொஹீமியா, மொராவியா யூதர்கள்மீது 1726-27இல் ஒரு சட்டம் விழுந்தது. பொஹீமியாவில் 8,541 யூதக் குடும்பங்களும் மொராவியாவில் 5,106 குடும்பங்களும் மட்டுமே இருக்கலாம். குடும்பத்துக்கு மூத்த மகன் ஒருவனுக்கே மணம் முடிக்கும் உரிமை. மற்ற பிள்ளைகள் அரசாங்கத்துக்குத் தெரியாமல் மதச்சடங்கோடு மட்டும் மணந்தார்கள். அவர்களுடைய குழந்தைகள் ஏட்டில் முறைகேடாகப் பிறந்தவர்கள் ஆனார்கள். ஏடு முறையற்ற பிறப்பு என்று சொல்கிற இடத்தில் ஒரு முழுமையான குடும்பம் இருந்திருக்கும். கட்டத்தில் உள்ளதை அப்படியே நகலெடுப்பவர் அந்த அநியாயத்தையும் சேர்த்து நகலெடுக்கிறார்.

அமெரிக்க அரசியல்வாதி ஜான் கெர்ரியின் கதை இங்கிருந்துதான் வருகிறது. பாஸ்டனில் அவரை ஐரிஷ் வழிவந்தவர் என்றே பலர் நம்பினார்கள், பெயர் அப்படி. 2003இல் பாஸ்டன் குளோப் நாளிதழ் ஃபெலிக்ஸ் குண்டாக்கர் என்ற ஆஸ்திரிய வம்சாவளி ஆய்வாளரின் துணையோடு தேடியது. அவருடைய தந்தைவழித் தாத்தா ஃபிரெடெரிக் கெர்ரி, சிலேசியாவின் பென்னிஷ் ஊரில், அதாவது இன்றைய ஹோர்னி பெனெஷோவில், 1873இல் ஃபிரிட்ஸ் கோன் என்ற யூதக் குழந்தையாகப் பிறந்தவர் என்று தெரியவந்தது. மதம் மாறி, பெயர் மாறி, 1905இல் அமெரிக்கா வந்தவர். அமெரிக்க வெளியுறவுச் செயலராக இருந்த மேட்லின் ஆல்பிரைட்டுக்கு இதைவிடப் பெரிய அதிர்ச்சி. 1937இல் பிராகாவில் பிறந்து கத்தோலிக்கராக வளர்ந்தவர். 1997இல் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் மைக்கேல் டாப்ஸின் தேடலில்தான் தன் குடும்பம் யூதக் குடும்பம் என்பதும், தாத்தா பாட்டியரில் மூவர் நாஜிகளின் இனப்படுகொலையில் மாண்டதும் உலகுக்குத் தெரிந்தன. பிராகாவின் பின்காஸ் தொழுகைக் கூடத்துச் சுவர்களில் பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறக்குறைய 80,000 பேரின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. 1968க்குப் பிறகு கூடம் மூடப்பட்டுப் பெயர்கள் அழிந்தன, 1990களில் மறுபடி எழுதினார்கள். கெர்ரி, ஆல்பிரைட் குடும்பங்களைப் பற்றிய இரு தேடல்களையும் ஆர்வலர் கூட்டம் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொழில்முறை ஆய்வாளரும் நிருபரும் செய்தார்கள். கேள்வி கேட்டவர்களுக்கு அந்தக் குடும்பத்தின்மீது ஆசை எதுவும் இல்லை. ஒருவேளை அதனால்தான் உண்மை கண்ணில் பட்டது.

ரோமா மக்களைத் தேடுகிறவர்களுக்கு இன்னும் கடினம். நாஜி ஆட்சியில் செக் நிலத்து ரோமாக்களில் பெரும்பான்மையோர் கொல்லப்பட்டார்கள். இன்று அங்கே வாழ்வோர் பெரும்பாலும் போருக்குப் பின் ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தவர்களின் வழியினர். ஏடுகளில் அவர்கள் பல இடங்களில் சாதிப்பெயர் ஒட்டிய வழிப்போக்கர்களாக மட்டும் வந்துபோகிறார்கள். 1945க்குப் பிறகு வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 30 இலட்சம் ஜெர்மன் மொழியினரின் நிலை வேறு. அவர்களுடைய ஏடுகள் செக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. பில்சென் காப்பகமும் பவேரியக் காப்பகங்களும் சேர்ந்து நடத்தும் எல்லைதாண்டிய இணையத் திட்டத்தில் அவற்றில் பலவற்றை யாரும் காசில்லாமல் படிக்கலாம். துரத்தியவர் நாட்டிலிருந்தே துரத்தப்பட்டவர் பேரன் தன் தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவைப் பதிவிறக்குகிறான். அரசியல்வாதிகள் செய்யாத சமாதானத்தைக் காப்பகக் குமாஸ்தாக்கள் செய்திருக்கிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

செக் நாட்டின் ஏழு வட்டாரக் காப்பகங்களும் பங்குப் பதிவேடுகளை இப்படித் திறந்து வைத்திருப்பது பாராட்டுக்குரியது. ஸ்லோவாக்கிய ஏடுகளைப் பெரும்பாலும் ஒளிப்படச் சுருளில் எடுத்தவர்கள் அமெரிக்காவின் மார்மன் சபையினர், கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த பிறகு. இறந்த முன்னோர்களுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதற்காகத்தான் உலக ஏடுகளையெல்லாம் படமெடுக்கிறார்கள். இனப்படுகொலையில் மாண்ட யூதர்களுக்கும் அப்படிச் செய்தபோது எதிர்ப்பு வெடித்தது. 1995இல் யூத அமைப்புகளோடு நிறுத்த ஒப்பந்தம் ஆனது, அதன் பின்னும் மீறல்கள் வெளிவந்தன. ஓசியில் கிடைக்கும் படத்தின் பின்னால் ஒரு நோக்கம் இருக்கிறது என்பதைத் தேடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மரபணுச் சோதனை வந்ததும் இந்தக் கவனக்குறைவு ஆபத்தாகிவிட்டது. ஒரு பள்ளத்தாக்குக் கிராமத்தில் ஐந்தாறு குடும்பப் பெயர்களே தலைமுறை தலைமுறையாக ஒன்றுக்குள் ஒன்று மணந்திருந்தால், சோதனை எல்லோரையும் நெருங்கிய சொந்தமாகக் காட்டும். யூதர்களிடையேயும் இதே நிலை. அதைப் புரியாமல் ‘மூன்றாம் தலைமுறை ஒன்றுவிட்ட சகோதரன் கிடைத்துவிட்டான்’ என்று கொண்டாடுவோர் பலர். இன்னொரு பக்கம், எச்சில் கொடுத்தவர் ஒருவர், வெளிப்படுவது குடும்பம் முழுவதும். 2023இல் 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விவரம் கசிந்தபோது, முதலில் விலைக்கு வந்தது யூத வம்சாவளியினரின் பட்டியல். ஒரு காலத்தில் நாஜி ஆட்சி ஆரியர் என்று நிரூபிக்க மூன்று தலைமுறை ஞானஸ்நானச் சான்று கேட்டு ஒதுக்கிய மக்களின் வழிவந்தவர்கள் பட்டியல் அது. செக் சட்டம் பிறப்பு ஏட்டை 100 ஆண்டும் திருமண ஏட்டை 75 ஆண்டும் மூடி வைக்கச் சொல்கிறது. உயிரோடிருப்பவரின் ரகசியத்தைக் காக்க. அந்த நிதானம் சோதனைக் குழாய்க்கு இல்லை.

கூட்டத்துக்குள்ளேயும் ஒரு நோய் உண்டு. படிக்கத் தெரிந்தவர்கள் சிலர், கேட்கிறவர்கள் பலர். கேட்கிறவர்கள் படிக்கக் கற்றுக்கொள்வதில்லை, அடுத்த பக்கத்தோடு வந்து நிற்கிறார்கள். படித்துச் சொல்கிற மூத்தவர் வாக்கு வேதவாக்காகிவிடுகிறது. அவர் ஒரு எழுத்தை மாற்றிப் படித்திருந்தால் இரண்டாவது கண் அதைப் பார்ப்பதில்லை. கூடிப் படிப்பதன் பயனே இரண்டாவது கண்தான். பக்கத்தின் படத்தையும் எண்ணையும் மரத்தோடு இணைத்து வைத்தால், தவறு இருந்தாலும் அடுத்தவர் திருத்தலாம். வெறும் பெயரும் ஆண்டும் போட்ட மரத்தைத் திருத்த வழியே இல்லை. மின்னசோட்டாச் சங்கத்தைப் போன்ற பழைய அமைப்புகள் இந்த ஒழுங்கைச் சலிக்காமல் போதித்துவருகின்றன. கேட்பவர் குறைவு.

ஊருக்கே போய்ப் பார்க்கிறவர்களுக்கு வேறு ஏமாற்றம் காத்திருக்கும். செக், ஸ்லோவாக் கல்லறைத் தோட்டங்களில் கல்லறை இடம் குத்தகைக்குத்தான். தவணை கட்ட ஆளில்லாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். பூட்டனின் கல்லைத் தொட்டுப் பார்க்க வந்தவர், அங்கே வேறு குடும்பத்தின் புதுப் பளிங்கைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். கிராமத்து உறவுக்காரர்கள் பிளம் சாராயம் ஊற்றி உபசரிப்பார்கள், அதில் குறைவிருக்காது. வீட்டையோ நிலத்தையோ கேட்டு வந்திருப்பாரோ என்ற சந்தேகம் தீர்ந்த பிறகு.

இப்போது தேடலுக்கு ஒரு புதிய காரணம் சேர்ந்திருக்கிறது. முன்னாள் குடிமக்களின் பிள்ளைகளும் பேரர்களும் அறிவிப்புக் கொடுத்துக் குடியுரிமை பெற 2019இல் செக் சட்டம் வழி திறந்தது. ஸ்லோவாக்கியா 2022 ஏப்ரல் முதல் கொள்ளுப்பேரர் வரை அனுமதிக்கிறது. ஐரோப்பியக் கடவுச்சீட்டு கிடைக்கும் என்றதும் பூர்வீகத்தின்மேல் பற்று இல்லாதவர்களும் பதிவேட்டைப் புரட்டத் தொடங்கிவிட்டார்கள். பொழுதுபோக்காக வரைந்த மரத்தை ஏற்றுக்கொள்ளும் அதிகாரி யாருமில்லை. முத்திரையிட்ட சான்று வேண்டும். நகலெடுத்த எட்டுத் தலைமுறை அங்கே ஒரு காசு பெறாது.

ஸ்லோவாக் சட்டத்தில் ஒரு முடிச்சும் இருக்கிறது. முன்னோர் இன்றைய ஸ்லோவாக்கிய மண்ணில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, செக்கோஸ்லோவாக்கியக் குடிமகனாகவும் இருந்திருக்க வேண்டும். அந்த நாடு பிறந்ததே 1918 அக்டோபர் 28இல்தான். ஸ்லோவாக்கியர்களின் பெரும் குடியேற்றம் அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. 1902இல் பிட்ஸ்பர்க் உருக்காலைக்குப் போன கொள்ளுத்தாத்தா ஹங்கேரி மன்னரின் பிரஜையாகத்தான் கப்பலேறினார். சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பி, மறுபடி போனவர்கள் அந்தக் காலத்தில் கணிசம். ஆகையால் கொள்ளுப்பேரர்கள் இப்போது தேடுவது அவர் எப்போது பிறந்தார் என்பதை அல்ல. 1918க்குப் பிறகு அவர் ஊரில் கால் வைத்தாரா, கிராம நிர்வாகம் அவரைத் தன் ஆளாகக் கணக்கில் வைத்திருந்ததா என்பதைத்தான். அதற்குப் பங்குப் பதிவேடு உதவாது. ஊராட்சிக் காகிதங்களையும் பழைய கடவுச்சீட்டு விண்ணப்பங்களையும் காப்பகத்தில் உட்கார்ந்து கட்டுக் கட்டாகப் பிரிக்க வேண்டும்.